மறுமுனையில் கேட்கிறதா?



இந்த வாரச் சிந்தனைக்கு ஒரு சவுக்குக் கம்பை எடுத்துக்கொள்கிறேன். நம் கிராமச் சபையின் ஜெபவீட்டு முற்றத்தில் ஓராண்டுக்கும் மேலாக நின்றிருந்த கம்பு அது. இப்போது அது அங்கே இல்லை. அதைப் பிடுங்கி எடுத்த நாளில் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க என் மனச்சாட்சி இடந்தரவில்லை. இதில் என் குற்றமும் இருக்கிறது.

அந்தக் கிராமத்தை உங்களில் பலர் அறிவீர்கள். நம் ஆலயத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 5 கிலோமீட்டர். சுற்றிலும் கரிசல் காடும் சீமைக் கருவேலமும். நடுவே தாழ்வான இடத்தில் முப்பதுக்கும் சற்று மேலான வீடுகள். அநேகமாக எல்லா வீடுகளிலிருந்தும் யாராவது ஒருவர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ வேலைக்குப் போகிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் அங்கே போய்த் திருவிருந்து ஆராதனை நடத்துவேன். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபத்தையும் பாடல்களையும் நடத்துவார். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் நாமெல்லாரும் திரையின் முன்னும் ஒலிபெருக்கியின் முன்னும் ஆராதிக்கப் பழகினோம் அல்லவா? அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக, இங்கே நான் செய்யும் பிரசங்கம் அதே வேளையில் அந்த ஜெபவீட்டிலும் கேட்க வேண்டும் என்று நம் சபைக் கமிட்டி தீர்மானித்தது. அங்கே கைபேசிச் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே நம் ஆலய மாடியில் ஒரு ஆண்டெனாத் தட்டும், அங்கே ஒரு ஆண்டெனாத் தட்டும் வைத்து, கம்பியில்லாமல் இரண்டையும் இணைப்பதென்று முடிவாயிற்று.

இதற்கு முன்போல் தனி உரிமம் பெறத் தேவையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005-ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை 2018-ஆம் ஆண்டிலும் மத்திய அரசு உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்துவிட்டது. நாம் வாங்கியவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒரு சிறிய முறத்தின் அளவுதான் இருக்கும்.

நம் மாடியில் இரும்புக் குழாய் ஏற்கெனவே இருந்தது. கிராமத்து ஜெபவீட்டுக்கோ ஓட்டுக்கூரை. அதன்மேல் எதையும் நிறுத்த முடியாது. நம் சபையில் கட்டடச் சாரம் கட்டும் தொழில் செய்கிற ஒரு சகோதரர், "எதுக்குங்கய்யா வீண் செலவு? நல்ல சவுக்கா நானே ஒண்ணு தாரேன்" என்று சொல்லி, சுமார் 30 அடி நீளமுள்ள, அப்போதுதான் வெட்டிவந்திருந்த பச்சைக் கம்பு ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். பங்குனி மாதத்தில் அதை நட்டோம். தட்டைக் கட்டி, திசை பார்த்து, திருகாணியை இறுக்கி, ஜெபம் செய்து பிரதிஷ்டையும் பண்ணினோம். முதல் ஞாயிறு பிரசங்கம் அங்கே தெளிவாகக் கேட்டது என்று உபதேசியார் போன் செய்து சொன்னபோது நான் மிகவும் மகிழ்ந்தேன்.

அதன்பின் நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஆலயத்தின் பக்க அறையில் இருக்கும் கருவியில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஞாயிறு காலையில் அங்கியை அணிந்துகொண்டு பீடத்துக்குப் போகும்போது அதை ஒரு பார்வை பார்ப்பேன். பச்சையாக இருக்கும், இணைப்பு இருக்கிறது என்று பொருள். அது போதும் என்று பிரசங்க பீடத்தில் ஏறிவிடுவேன். இன்னொன்றையும் அறிக்கையிட வேண்டும். நம் பக்கத்திலிருந்து அங்கே ஒலி போவதற்கு எல்லாம் செய்திருந்தோம். அங்கிருந்து இங்கே ஒலி வருவதற்கு ஒரு மைக் கூட வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஆடிக் காற்று வந்து போயிற்று. புரட்டாசி கடந்தது. ஐப்பசியில் முதல் மழை பெய்தபின், திருவிருந்துக்காக அங்கே போயிருந்தேன். ஆராதனை முடிந்து, சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு, பேச்சுவாக்கில் சென்ற ஞாயிறு நான் பிரசங்கித்ததைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைதான் சொன்னாள்: "உங்க சத்தம் விட்டு விட்டுத்தான் வரும் ஐயா. பாதி வார்த்தை வரும், மீதி வராது."

"எத்தனை வாரமா அம்மா?"

"ஆடியிலேருந்தே அப்படித்தான்."

மூன்று மாதங்கள்! அத்தனை ஞாயிறும் அந்த ஜனங்கள் பாயில் அமர்ந்து, அறுந்து அறுந்து விழும் என் குரலை அரைமணி நேரம் பொறுமையோடு கேட்டிருக்கிறார்கள். பிறகு எழுந்து நின்று ஆசீர்வாதம் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று உபதேசியாரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் முன்வரிசையில் இருந்த வயதான தாயார் ஒருவர் சொன்னார்: "நீங்க அங்க எவ்வளவு சிரமப்பட்டுப் பேசுறீங்க. கேக்கலைன்னு எப்படிய்யா சொல்றது? எங்க மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு."

அந்தத் தாயாருக்கு ஒரே மகன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய அவசர வேலைக்காலத்தில், பட்டாசு அறையில் நேர்ந்த வெடிவிபத்தில் இறந்துபோனார். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். இந்தப் புரட்டாசியில் அந்த நாள் ஒரு ஞாயிறன்று வந்தது. அன்று பிரசங்கத்துக்குமுன் அவருடைய பெயரைச் சொல்லி, அவர் தாயாரின் பெயரையும் சொல்லி, நீண்ட நேரம் ஜெபித்தேன். இங்கே கூடியிருந்த நீங்கள் அனைவரும் ஆமென் சொன்னீர்கள்.

அந்த ஜெபம் அவரிடம் போய்ச் சேரவில்லை. திரும்பும்போது பாதி வழி வரை என்னுடன் நடந்துவந்த உபதேசியார், தயங்கித் தயங்கி இதைச் சொன்னார்: "அந்தக் கிழமை அம்மா வீட்டுக்குப் போயி ரொம்ப நேரம் அழுதுச்சாம். ஐயாவுக்கு எத்தனையோ சோலி, நம்ம புள்ளைய எங்க ஞாபகம் இருக்கப்போகுதுன்னு சொல்லுச்சாம்."

பிரியமானவர்களே, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் மறக்கவில்லை, ஜெபித்தேன், பச்சை விளக்கும் எரிந்தது. ஆனாலும் அந்தத் தாயாருக்கு நான் மறந்துபோனவனாகவே இருந்திருக்கிறேன்.

மறுநாள் நம் சபையின் வாலிபர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். விருதுநகரில் இணைய இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருப்பவர். முதலில் மாடியிலுள்ள கருவியின் கணக்கை மடிக்கணினியில் திறந்து பார்த்தார். "நட்டப்ப மைனஸ் 59 இருந்துச்சு. இப்ப மைனஸ் 79" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்: இந்தக் கணக்கில் மூன்று எண் குறைந்தால் வந்துசேரும் வலிமை பாதியாகிவிடும், பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்ததில் நூறில் ஒரு பங்குதான் இப்போது வருகிறது. ஆனால் அந்த ஒரு பங்கு, பச்சை விளக்கை எரிய வைக்கப் போதுமாக இருக்கிறது.

கிராமத்துக்குப் போனோம். அவர் கம்பைச் சுற்றி ஒருமுறை நடந்து, தடவிப் பார்த்துவிட்டு, என்னை அருகே அழைத்தார். சவுக்குக் கம்பில் நெடுகிலும் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அது நேராகக் கீழிறங்காமல், திருகாணியின் புரியைப்போல் கம்பைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. "பச்சை மரம் காய்ஞ்சா இப்படித்தான் முறுக்கிக்கும் ஐயா. நார் ஓடுற பக்கமே திரும்பும். கம்பு நேராத்தான் நிக்குது. மண்டை மட்டும் திரும்பிருச்சு."

மரத்தின் நார்கள் பெரும்பாலும் செங்குத்தாக ஓடுவதில்லை. சற்றே சாய்ந்து, தண்டைச் சுற்றி வளர்கின்றன. ஈரம் வற்றும்போது மரம் சுருங்குகிறது. சுருங்கும்போது நார் போகும் போக்கிலேயே முறுகுகிறது. மழையில் நனைந்தால் சிறிது மீளும். வெயிலில் மறுபடியும் முறுகும். போதாக்குறைக்கு நம் கரிசல் மண். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அதில் நட்ட எந்தக் கம்பும் ஆண்டுக்கு இருமுறையாவது அசைக்கப்படுகிறது. அதன்மேல் மேற்கிலிருந்து ஆடிக் காற்று. இவற்றில் எதுவும் ஒரே நாளில் கம்பைச் சாய்க்கவில்லை. சாய்த்திருந்தால் அன்றே யாராவது ஓடிவந்து சொல்லியிருப்பார்கள்.

தந்திக் காலத்திலிருந்தே மனிதர் கம்பங்களில் செய்தியைக் கட்டி அனுப்பி வருகிறார்கள். 1839-இல் கொல்கத்தாவில் ஓஷாக்னசி என்னும் மருத்துவர், மூங்கில்களை நட்டு அவற்றின்மேல் கம்பியிழுத்துத் தந்திச் சோதனை செய்தார். இன்றும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான மின்கம்பங்கள் மரத்தாலானவையே. கம்பியைத் தாங்கும் கம்பம் சற்று முறுகினாலும் கம்பியில் ஓடும் செய்திக்கு ஒரு குறையும் இல்லை. ஆண்டெனாவைத் தாங்கும் கம்பத்தின் காரியம் அப்படியல்ல. அது பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது. ஒரு திசையை நோக்கியும் நிற்க வேண்டும். நம் தட்டிலிருந்து புறப்படும் கதிரின் அகலம் ஏறக்குறைய 8 டிகிரிதான். ஒரு டிகிரி திரும்பினால் 5 கிலோமீட்டருக்கு அப்பால் அது 87 மீட்டர் விலகிவிடும். அந்தச் சவுக்கு ஏறத்தாழ 10 டிகிரி முறுகியிருந்தது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கும் அகலம்தான் 10 டிகிரி. அருகில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் ஆலயத்தை நோக்க வேண்டிய தட்டு, ஊருக்கு வெளியேயுள்ள தண்ணீர்த் தொட்டியை நோக்கி நின்றுகொண்டிருந்தது.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், முதல் வசனத்திலேயே ஓர் எச்சரிப்பு வருகிறது. நாம் கேட்டவற்றை விட்டு விலகிப்போகாதபடி அவற்றை மிகவும் கருத்தாய்க் கவனிக்க வேண்டும் என்பது அதன் பொருள். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் வினைச்சொல் ஓடும் நீரோடு தொடர்புடையது. பக்கமாக ஒழுகிப்போதல், நழுவிச் செல்லுதல் என்று விரிக்கலாம். இறையியற் கல்லூரியில் இந்தச் சொல்லை நான் படித்தேன்; பலமுறை பிரசங்கித்தும் இருக்கிறேன். ஓங்கி மறுதலிக்கிறவனைப் பற்றிய வசனம் அல்ல இது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அறியாமல் திரும்பிப்போகிறவனைப் பற்றியது. அந்தத் திருகிய வெடிப்பின்மேல் விரலை வைத்தபோதுதான், அந்த விலகிப்போகிறவன் யாரென்று எனக்குப் புரிந்தது.

மைனஸ் 79 என்று காட்டிய அந்தக் கம்பத்துக்குத் தான் திரும்பியிருப்பது தெரியாது. நம் மாடியிலிருந்த கருவிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மறுமுனையில் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே. அவர்களை நான் கேட்கவில்லை.

இதே பாடத்தை நம் பக்கத்து மாவட்டத்தில் வேறு சிலர் முன்னமே கற்றிருக்கிறார்கள். உங்களில் பலருக்கும் உங்கள் பெற்றோருக்கும் கண் அறுவைச் சிகிச்சை செய்த மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை, டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன பின்பும், அந்த விரல்களுக்குக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஒளி கொடுத்தவர் அவர். கிராமத்தார் கண்ணைக் காட்ட நெடுந்தூரம் பயணம் செய்யாதபடி, சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிப்பார்; தேனி மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். இதற்கு வேண்டிய கம்பியில்லா இணைப்பை, அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அரவிந்த் ஊழியர்களோடு சேர்ந்து அமைத்தார்கள். நாம் வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபை முறையையே, கூர்மையான ஆண்டெனாக்களைக் கொண்டு, பல கிலோமீட்டர் தூரம் செல்லும்படி மாற்றியமைத்தார்கள். 2006-ஆம் ஆண்டில் ஐந்து மையங்கள் இவ்வாறு தேனியோடு இணைந்திருந்தன. இன்று அரவிந்தின் மையங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

அந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரையை அந்த வாலிபர் எனக்கு எடுத்துக் காட்டினார். இணைப்பை அமைப்பதைவிட அதை உயிரோடு வைத்திருப்பதே கடினம் என்பதுதான் அதன் சாரம். மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்கள் அவர்களைப் பெரிதும் வருத்தியிருக்கின்றன. தொலைவில் என்ன பழுது என்று இங்கிருந்து அறிய முடியாமையும் அவர்களை வருத்தியது. ஆகவே தொலைவிலுள்ள கருவிகள் தாங்களாகவே குறித்த வேளைகளில் தங்கள் நிலையைத் தெரிவிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். அதோடு, மருத்துவமனையின் உள்ளூர் ஊழியர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வெளிநாட்டு நிபுணர் வரும்வரை காத்திருந்தால் நோயாளி காத்திருக்க வேண்டியிருக்கும் அல்லவா? மறுமுனையில் இருப்பவருக்கு வாய் கொடுத்தார்கள். பின்பு கையும் கொடுத்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தோன்றிய இந்த எளிய காரியம், ஒரு சபையின் மேய்ப்பனாகிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கம்பை மாற்றினோம். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் வாங்கி, கரிசலை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டு, கீழே ஜல்லியும் சிமெண்டும் இட்டு நிறுத்தினோம். இடிக்குப் பயந்து எர்த் கம்பியும் பதித்தோம். மூன்று திசைகளிலும் ஸ்டே கம்பி கட்டி இறுக்கினோம். ஏன் மூன்று என்று ஒரு சிறுவன் கேட்டான். ஒரு கம்பி கட்டினால் அது இழுக்கும் பக்கம் சாயும். இரண்டு கட்டினால் குறுக்கே ஆடும். மூன்று பக்கமும் சமமாக இழுத்தால்தான் நடுவில் நிற்கும் என்று வாலிபர் சொன்னார். ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில் மோசேயின் கைகள் தளர்ந்ததும், ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று சூரியன் அஸ்தமிக்குமட்டும் தாங்கியதும் என் நினைவுக்கு வந்தன. மோசே எத்தனை பெரிய தேவமனிதன்! அவனுடைய கையும் தானாக உயர்ந்தே நிற்கவில்லை. தளர்ந்தது என்பதை அருகிலிருந்தவர்கள் கண்டார்கள், அவனும் தாங்கவிட்டான்.

பின்பு திசை பார்க்கும் வேலை. அதை நான் சுலபம் என்று எண்ணியிருந்தேன். வாலிபர் ஏணியில் நின்று தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு சில நொடிகள் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். கீழே நான் மடிக்கணினியில் எண்ணை வாசிப்பேன். 79, 77, 75, 74. மறுபடியும் 76. "நல்லா வந்துச்சு தம்பி, 74-லேயே நிறுத்திருங்க" என்றேன். அவர் சிரித்தார். "இது பொய்யான உச்சம் ஐயா. பக்கத்துல சின்னக் கதிர் ஒண்ணு இருக்கும். அதுல மாட்டிக்கிட்டா, இதுதான் நல்ல இடம்னு தோணும். நிஜமான உச்சம் இன்னும் தள்ளி இருக்கு. கடந்து போயிப் பார்த்தாத்தான் தெரியும்."

அவர் சொன்னது உண்மை. எண் விழுந்தது, அதைப் பொருட்படுத்தாமல் இன்னும் திருப்பினார், பிறகு ஏறத் தொடங்கியது. 70, 65, 61, 58. உச்சத்தையும் தாண்டிப் போய், எண் குறையும்வரை பார்த்து, பின்பு திரும்பி வந்து நடுவில் நிறுத்தினார். மேலும் கீழுமாகவும் அவ்வாறே செய்தார். பிறகு நம் ஆலய மாடிக்குப் போய், இந்தப் பக்கத்துத் தட்டையும் அதேபோல் சரிபார்த்தார். ஒரு முனை மட்டும் சரியாக இருந்தால் போதாதாம். இரண்டும் ஒன்றையொன்று நோக்க வேண்டும். கடைசியாகத் திருகாணிகளை ஒன்றன்பின் ஒன்றாக, சிறிது சிறிதாக, சமமாக இறுக்கினார். ஒன்றையே முழுதும் இறுக்கினால் தட்டு திரும்பிவிடுமாம். எல்லாம் முடிந்ததும், பிடிப்பானிலும் குழாயிலும் சேர்த்து ஒரே கோடாகச் சிவப்பு வண்ணம் தீட்டினார். இனி யார் ஏணியில் ஏறிப் பார்த்தாலும், கோடு உடைந்திருந்தால் தட்டு அசைந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

74-லேயே நிறுத்திவிடச் சொன்ன என் வார்த்தையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். போதகனாக என் வாழ்விலும் அப்படித்தான் செய்திருக்கிறேன். நேற்றைவிட இன்று கொஞ்சம் பரவாயில்லை என்றால் அங்கேயே இறுக்கிவிடுவேன். வீட்டில் சண்டை ஓய்ந்துவிட்டால் சமாதானம் வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை என்றால் நாம் சொன்னது அவன் உள்ளத்தில் இறங்கிவிட்டது என்று எண்ணுகிறோம். சபையில் ஒருவரும் குறை சொல்லவில்லை என்றால் ஊழியம் நன்றாக நடக்கிறது என்று எண்ணுகிறோம். நம் ஜனங்கள் மரியாதை மிகுந்தவர்கள். கேட்கவில்லை என்று சொல்வதை அவமரியாதை என்று நினைப்பவர்கள். மேலே இருப்பவருடைய மனம் நோகக் கூடாது என்று கீழே இருப்பவர் மௌனமாக இருக்கும்போது, மேலே இருப்பவர் அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். ஆலையிலும் இது நடக்கிறது. அதன் விலை என்னவென்று நம் பகுதியில் எந்தத் தாய்க்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குடும்பத்திலும் ஆலயத்திலும் அதன் விலை மெதுவாகத்தான் தெரியவரும்.

ஆகவே இப்போது இரண்டு காரியங்களை வழக்கமாக்கியிருக்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை, உபதேசியாரின் கருவியில் எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். 58, 58, 59 என்று அவளுடைய கையெழுத்தில் பக்கம் நிறைந்துகொண்டு வருகிறது. 62-ஐத் தாண்டினால் வாலிபருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாவது, அந்த ஜெபவீட்டிலும் ஒரு மைக் வைத்துவிட்டோம். அதன் விலை, நம் அன்பின் விருந்தில் ஒரு நேரப் பாயசத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

அது வைக்கப்பட்ட முதல் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். பிரசங்கத்துக்குமுன் நான், "அங்கே கேட்கிறதா?" என்று கேட்டேன். சற்று நேரம் ஓசையில்லை. பிறகு கோழி ஒன்று கூவும் சத்தமும், குழந்தை ஒன்று சிணுங்கும் சத்தமும், அவற்றோடு உபதேசியாரின் குரலும் நம் ஆலயத்துக்குள் வந்தன. உங்களில் சிலர் சிரித்தீர்கள். நான் புரட்டாசியில் செய்த அந்த ஜெபத்தை மறுபடியும் செய்தேன். முதலில், அது உங்களிடம் வந்து சேர்ந்ததா என்று கேட்காமல் போனதற்காக அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் மகனின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். முடித்தபோது இங்கே நீங்கள் ஆமென் சொல்லுமுன், 5 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு முதிய குரல் தனியாக ஆமென் என்றது. அதற்குமேல் அன்று என்னால் சிறிது நேரம் பேச இயலவில்லை.

அன்பானவர்களே, இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் அன்பாகச் சொல்கிறீர்கள், உழைக்கிறீர்கள், ஜெபிக்கிறீர்கள்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது யாருக்காகவோ, அவரிடம் போய், "உனக்கு வந்து சேருகிறதா?" என்று ஒருமுறை கேளுங்கள். கணவர் மனைவியிடம் கேளுங்கள். பெற்றோர் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆலையில் கண்காணிப்பாளராக இருக்கும் சகோதரர்கள் தங்களின்கீழ் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். முதலில் வரும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதோடு நின்றுவிடாதீர்கள். என்னிடமும் சொல்லுங்கள். என் குரல் உங்களை எட்டவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் வருந்துவேன். சொல்லாமல் போனால் அதைவிட அதிகமாக வருந்துவேன்.

அந்தச் சவுக்குக் கம்பை அதைக் கொடுத்த சகோதரர் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. மூன்றாக அறுத்து, ஜெபவீட்டு வாசலில் அமர்வதற்குக் குறுக்குக் கட்டையாகப் போட்டிருக்கிறார். திருகிய வெடிப்பு இன்னும் அதில் தெரிகிறது. அடுத்த திருவிருந்துக்கு என்னோடு வருகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

நம்மை நோக்கித் தம்முடைய முகத்தை ஒருபோதும் திருப்பிக்கொள்ளாத ஆண்டவர், நம் முகங்களையும் அவரிடத்திலும் நம் அயலாரிடத்திலும் திருப்பி நிலைநிறுத்துவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்